தொழிலாளர்களே முதலாளிகளாக: பிரிட்டனில் சைவ ஹோல்ஃபுட் கடையும் உணவகமும் தொடங்க முழுமையான வழிகாட்டி

தீட்டாத தானியம், பருப்பு, கொட்டை, காய்ந்த பழம், மாவு, நல்ல காய்கறி. இவற்றை விற்கும் ஒரு ஹோல்ஃபுட் கடை. பக்கத்திலேயே சின்னதாக ஒரு சைவ உணவகம். இரண்டையும் அங்கே வேலை செய்பவர்களே சொந்தமாக வைத்து நடத்துவது. இங்கிலாந்தில் இந்த முறை நன்றாகவே வேரூன்றியிருக்கிறது. மான்செஸ்டரில் எய்த் டே, யூனிகார்ன், பிரைட்டனில் இன்ஃபினிட்டி ஃபுட்ஸ் என்று போய்ப் பார்க்கவே இடங்கள் இருக்கின்றன.

வட இங்கிலாந்தில் இப்படி ஒரு கூட்டுறவில் பல வருடம் வேலை செய்திருக்கிறேன். புதிதாகத் தொடங்க வந்த சில குழுக்களோடு உட்கார்ந்து திட்டமும் போட்டிருக்கிறேன். கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்: முதல் வேலையாகக் கடைக்கு இடம் தேடப் போகிறார்கள். இடம் ஏழாவது படி. அதற்கு முன் ஆறு இருக்கின்றன. ஆகவே இந்த வரிசையை மாற்றாமல் படியுங்கள்.

தொடங்கும் முன் வேண்டியவை

குறைந்தது மூன்று பேர் வேண்டும். ஐந்து பேர் இருந்தால் நிம்மதி. எல்லோருக்கும் ஆறு மாதமாவது வேறு வருமானமோ சேமிப்போ இருக்க வேண்டும். கணக்குப் பார்க்கத் தெரிந்த ஒருவர், அவரிடம் கற்றுக்கொள்ள விரும்பும் இன்னொருவர். சமையல் பக்கம் போகப்போகிறவர்களுக்கு உணவுச் சுகாதாரப் பயிற்சி. பிறகு, ஒவ்வொரு சந்திப்பிலும் பேசியதை எழுதிவைக்க ஒரு நோட்டு. இந்த நோட்டு இல்லாத குழுவில் மூன்றாவது மாதம் "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்ற பேச்சு வரும்.

1. ஆட்களைச் சேருங்கள், எதை விற்பது என்று முடிவு செய்யுங்கள்

நண்பர்கள் என்பதற்காக மட்டும் சேராதீர்கள். சாக்குத் தூக்க ஒருவர், சமைக்க ஒருவர், கணக்குக்கு ஒருவர், வாடிக்கையாளரிடம் சலிக்காமல் பேச ஒருவர் என்று பாருங்கள். ஒரே வீட்டைச் சேர்ந்த கணவனும் மனைவியும் இருந்தால் தவறில்லை. ஆனால் மூன்று பேர் குழுவில் இருவர் ஒரே வீடு என்றால் மூன்றாமவருக்கு ஓட்டு இருந்தும் இல்லாத நிலைதான்.

அடுத்து, எது கடைக்குள் வரலாம், எது வரக்கூடாது என்று எழுதுங்கள். "சைவம்" என்ற ஒரு சொல் போதாது. முட்டை? தேன்? பால்? யூனிகார்ன் போல விலங்குப் பொருள் எதுவுமே வேண்டாமா? பார்மஜானோ ரெஜ்ஜானோ சீஸைக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருளால்தான் செய்ய வேண்டும் என்பது அதன் விதி. பல வூஸ்டர் சாஸ்களில் நெத்திலி இருக்கும். சில ஒயின்களை மீன் பசையால் தெளிய வைக்கிறார்கள். தாய்லாந்துக் கறி விழுதில் இறால் இருக்கலாம். இதையெல்லாம் திறப்பதற்கு முன்பே பேசி எழுதிவிட்டால், கொள்முதல் செய்பவர் ஒவ்வொரு முறையும் கூட்டம் கூட்ட வேண்டியதில்லை.

2. விலகும் விதியை முதலில் எழுதுங்கள்

கல்யாணப் பேச்சில் விவாகரத்தைப் பற்றிப் பேசுவதுபோல இருக்கும். பரவாயில்லை, பேசுங்கள். எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது பேசினால்தான் நியாயமான விதி கிடைக்கும்.

எழுத வேண்டியவை இவை. விலக எத்தனை மாத முன்னறிவிப்பு? போட்ட பணம் எத்தனை தவணையில் திரும்பும்? நீண்ட நோய், பிரசவம், ஊருக்குப் போய் ஆறு மாதம் இருப்பது என்றால் உறுப்புரிமை என்ன ஆகும்? ஒருவரை நீக்க வேண்டி வந்தால் எப்படி, அவருக்கு மேல்முறையீடு உண்டா?

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். சங்கம் கலைந்தால் மிச்சச் சொத்து உறுப்பினர்களுக்குப் பிரிந்து போகாமல் இன்னொரு கூட்டுறவுக்கோ பொதுக் காரியத்துக்கோ போக வேண்டும். இந்த விதி இல்லாவிட்டால், கடை நன்றாக வளர்ந்த பிறகு, "விற்றால் ஆளுக்கு எவ்வளவு வரும்" என்று கணக்குப் போடும் நாள் வரும். அன்று இருக்கும் உறுப்பினர்கள், அதற்கு முன் உழைத்துவிட்டுப் போனவர்களின் உழைப்பையும் சேர்த்துத்தான் விற்பார்கள்.

3. முடிவு எடுக்கும் முறை

ஒருவருக்கு ஒரு ஓட்டு. யார் எவ்வளவு பணம் போட்டாலும் இது மாறாது. ஆனால் எல்லாவற்றுக்கும் ஓட்டெடுப்பு நடத்தினால் கடை நடக்காது.

மூன்று அடுக்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். அன்றாட விஷயத்தை அந்த வேலையைச் செய்பவரே முடிவு செய்யட்டும்: இன்றைக்கு எத்தனை பெட்டி கீரை, எந்தப் பருப்பில் சூப். ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேலான செலவை அந்தப் பிரிவுக் குழு பார்க்கட்டும். சம்பளம், கடன், குத்தகை, புது உறுப்பினர், இவை மட்டும் எல்லோரும் கூடும் கூட்டத்துக்கு வரட்டும். அந்தத் தொகை எவ்வளவு என்பதை எண்ணாக எழுதுங்கள். "பெரிய செலவு" என்று எழுதினால் ஆளுக்கு ஒரு அர்த்தம்.

கூட்டத்தைச் சம்பள நேரத்தில் வையுங்கள். கடை மூடிய பிறகு இரவு எட்டு மணிக்கு வைத்தால், சின்னக் குழந்தை உள்ளவர்கள் வரமாட்டார்கள். கொஞ்ச நாளில் வருகிறவர்கள்தான் முதலாளி என்று ஆகிவிடும்.

4. பதிவு

இரண்டு வழிகள் பழக்கத்தில் உள்ளன. ஒன்று, 2014ஆம் ஆண்டுக் கூட்டுறவு மற்றும் சமூக நலச் சங்கச் சட்டத்தின் கீழ் சங்கமாக, எஃப்.சி.ஏ. என்ற நிதித்துறை ஒழுங்குமுறை அமைப்பிடம் பதிவது. தனி ஆட்களாகச் சேர்ந்தால் குறைந்தது மூன்று பேர் வேண்டும். மற்றொன்று, கம்பெனிகளைப் பதியும் அரசு அலுவலகமான கம்பெனீஸ் ஹவுஸில் கம்பெனியாகப் பதிந்து, அதன் விதிகளில் கூட்டுறவு முறையை எழுதுவது. இரண்டிலும் உறுப்பினரின் கடன் பொறுப்புக்கு வரம்பு உண்டு.

உறுப்பினரிடமோ ஊர் மக்களிடமோ பங்கு மூலம் பணம் திரட்டும் எண்ணம் இருந்தால் சங்கம் நல்லது. இதில் பங்கின் மதிப்பு ஏறாது. போட்ட பணம்தான் திரும்பும். சந்தையில் கைமாறும் பங்கு இல்லை என்பதால் வெளியாள் வந்து விழுங்கவும் முடியாது.

விதிகளை நீங்களே முதல் வரியிலிருந்து எழுத உட்காராதீர்கள். கோ-ஆப்பரேட்டிவ்ஸ் யூ.கே. போன்ற அமைப்புகள் மாதிரி விதிகள் வைத்திருக்கின்றன. அவற்றை எடுத்து, 2ஆம் படியில் பேசியதைத் துணை விதியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். மாதிரியை எவ்வளவு மாற்றுகிறீர்களோ அவ்வளவு செலவும் தாமதமும்.

5. சம்பளத்தைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்

ஒரு தங்கை, யாழ்ப்பாணப் பக்கம், திட்டத்தாளைக் கொண்டுவந்து காட்டினாள். வாடகை, மின்சாரம், சரக்கு எல்லாம் இருந்தது. சம்பளத்துக்கான இடம் மட்டும் காலி. ஏன் என்று கேட்டேன்.

"அண்ணை, கடை எங்கடதானே. பிறகேன் சம்பளம்?"

ரொம்ப நல்ல மனது. ஆனால் இதைவிட வேகமாக ஒரு கூட்டுறவைக் கொல்லும் விஷயம் வேறு இல்லை. உறுப்பினர் வேலை ஒப்பந்தத்தில் வேலை செய்கிறார் என்றால் அவர் ஊழியரும்தான். குறைந்தபட்ச ஊதியம், விடுமுறை, ஓய்வூதியச் சேர்ப்பு எல்லாம் அவருக்கும் பொருந்தும். சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், சேமிப்பு உள்ளவர் ஒரு வருடம் சும்மா உழைப்பார், வாடகை வீட்டில் இருப்பவர் நான்காவது மாதம் போய்விடுவார். கடைசியில் வசதி உள்ளவர்களின் சங்கமாக அது சுருங்கிவிடும்.

ஆகவே முதல் நாளிலிருந்து எல்லா மணிநேரத்துக்கும் சம்பளம் போட்டுத் திட்டம் எழுதுங்கள். எண் இடிக்கிறதா, கடை நேரத்தையோ ஆட்களின் மணிநேரத்தையோ குறையுங்கள். எல்லோருக்கும் ஒரே மணிக்கூலி என்பது இந்த வகைக் கூட்டுறவுகள் பலவற்றில் உள்ள வழக்கம். தொடங்கும்போது அதையே வைத்துக்கொள்ளச் சொல்வேன். யாருடைய வேலை உயர்ந்தது என்ற வாதத்துக்கு முதல் வருடம் நேரம் இருக்காது.

6. பணம்

உறுப்பினர் பங்கை எல்லோராலும் கட்ட முடிகிற சின்னத் தொகையாக வையுங்கள். அதிகம் வைத்திருப்பவர் மிச்சத்தைக் கடனாகத் தரட்டும். வட்டி, தவணை எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். பங்கையே பெரிதாக்கினால் காசு இல்லாத நல்ல உழைப்பாளி உள்ளேயே வர முடியாது.

அடுத்த வழி வாடிக்கையாளர்கள், ஆதரவாளர்களிடம் கடன் பத்திரம். யூனிகார்ன் தன் கட்டடத்தை வாங்கியபோது வாடிக்கையாளர்களிடமும் இப்படித் திரட்டியது. ஆனால் புதுக் கடைக்கு அந்த நம்பிக்கை உடனே கிடைக்காது. கூட்டுறவுகளுக்கென்றே கடன் தரும் கோ-ஆப்பரேட்டிவ் அண்ட் கம்யூனிட்டி ஃபைனான்ஸ் போன்ற நிறுவனங்களிடம் பேசுங்கள். ஒருவருக்கு ஒரு ஓட்டு என்பதை அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வங்கி மேலாளரிடம் பாதி நேரம் அதற்கே போகும்.

7. இடம்

இப்போது தேடலாம். இங்கிலாந்தில் 2020 செப்டம்பருக்குப் பிறகு கடை, கஃபே, உணவகம் மூன்றும் பெரும்பாலும் 'ஈ' என்ற ஒரே பயன்பாட்டு வகுப்பில் வருகின்றன. கடையின் ஒரு பகுதியைப் பிற்பாடு உணவகமாக்க அதற்காகத் தனி அனுமதி பொதுவாகத் தேவைப்படாது. ஆனால் சமையலறைப் புகைக்குழாயை வெளிச்சுவரில் ஏற்ற வேண்டுமானால் திட்ட அனுமதி கேட்பார்கள். சூடான உணவைப் பார்சல் கொடுப்பதையே முக்கியத் தொழிலாக வைத்தால் அது இந்த வகுப்பில் வராது. இடம் பார்க்கும்போதே புகைக்குழாய் எந்தப் பக்கம் போகும் என்று நிமிர்ந்து பாருங்கள். மேலே குடியிருப்பு இருந்தால் கவனம்.

25 கிலோ சாக்குகள் லாரியிலிருந்து கடைக்குள் எப்படி வரும் என்று நடந்து பாருங்கள். ஐந்து படிக்கட்டு என்றால் வாரம் முழுவதும் யாரோ ஒருவரின் முதுகு அதைச் சுமக்கும்.

கட்டடச் சொந்தக்காரர் தனி ஆளின் ஜாமீன் கையெழுத்து கேட்கலாம். யாராவது ஒருவர் நல்லெண்ணத்தில் போட்டுவிடுவார். போட வேண்டியே வந்தால், நஷ்டம் வந்தால் எல்லோரும் எப்படிப் பங்கிடுவது என்று அன்றே எழுதிக் கையெழுத்திடுங்கள். குத்தகையில் இடையில் விலகும் உரிமை இருக்கிறதா என்று வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்து வேண்டாம்.

8. கவுன்சில் பதிவும் காப்பீடும்

திறப்பதற்குக் குறைந்தது 28 நாள் முன்பு உள்ளூர் கவுன்சிலில் உணவுத் தொழிலாகப் பதியுங்கள். கட்டணம் இல்லை, மறுக்கவும் மாட்டார்கள். வேலையில் ஊழியருக்கு அடிபட்டால் ஈடு தரும் ஊழியர் பொறுப்புக் காப்பீடு 50 லட்சம் பவுண்டுக்குக் குறையாமல் வேண்டும். முதல் சம்பள நாளுக்கு முன் வரித்துறையான எச்.எம்.ஆர்.சி.யில் முதலாளியாகப் பதிவு. அவ்வளவுதான், இந்தப் படியில் சிக்கல் இல்லை; தேதி தவறாமல் இருந்தால் போதும்.

9. சரக்கு: சாக்கிலிருந்து டப்பா வரை

ஹோல்ஃபுட் கடையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. தீட்டாத தானியத்தில் முளையும் எண்ணெயும் அப்படியே இருக்கின்றன. அதனால்தான் சத்து, அதனால்தான் சீக்கிரம் சிக்குவாடையும் அடிக்கும். வெள்ளை மாவைப்போல முழுக்கோதுமை மாவு காத்திருக்காது. கைக்குத்தல் அரிசி, ஆளி விதை, வால்நட் எல்லாம் அப்படித்தான். மலிவாகக் கிடைக்கிறது என்று முதல் மாதமே பத்துச் சாக்கு இறக்காதீர்கள். மாவை மூன்று வாரத்தில் விற்கும் அளவுக்கு மட்டும் வாங்குங்கள்.

புதியவர்கள் எல்லோரும் செய்யும் ஒரு பிழை: டப்பாவில் பாதி இருக்கும்போதே மேலே புதுச் சரக்கைக் கொட்டுவது. அடியில் இருப்பது அடியிலேயே இருக்கும். எங்கள் கடையில் ஒரு கோடையில் பக்வீட் மாவு டப்பாவின் மூடியைத் திறந்தபோது உள்விளிம்பில் சிலந்தி நூல் போல மெல்லிய வலை, அதில் ஒட்டிய மாவுத் துகள், சாம்பல் நிற அந்துப்பூச்சி ஒன்று. பக்கத்து டப்பா ஆறிலும் அதேதான். அன்று கடையை மூடிவிட்டு எல்லாவற்றையும் கொட்டினோம். அதன் பிறகு முறை இதுதான்: டப்பா காலியாக வேண்டும், கழுவிக் காய வேண்டும், அப்புறம்தான் புதுச் சாக்கு. சாக்கு தரையில் படக்கூடாது, சுவரை ஒட்டக்கூடாது. வந்த தேதியைக் கொட்டை எழுத்தில் எழுத வேண்டும்.

சாக்கின் லேபிளைக் கிழித்துப் போடாதீர்கள். அந்தச் சரக்கு விற்றுத் தீரும்வரை டப்பாவின் பின்னால் ஒட்டிவைத்து, பிறகு கோப்பில் சேருங்கள். ஹோல்சேல்காரர் ஒரு தொகுதியைத் திரும்பப் பெறும்போது லேபிளில் உள்ள தொகுதி எண் இல்லாவிட்டால், கடையில் உள்ள மொத்தத்தையும் கொட்ட வேண்டிவரும்.

ஒவ்வாமை. சட்டத்தில் 14 பொருள்கள் பட்டியலில் உள்ளன. நிலக்கடலை டப்பாவின் கரண்டி பாதாமுக்குள் போனால், இரண்டும் பட்டியலில் தனித்தனியாக இருப்பவை. கரண்டியைச் சங்கிலியால் அந்தந்த டப்பாவோடு கட்டுங்கள். எள், கடலை, கொட்டை டப்பாக்களைக் கீழ்வரிசையில் வையுங்கள். மேலே வைத்தால் சிந்துவது கீழே உள்ள அரிசியில் விழும். பளிச்சென்ற ஆரஞ்சு நிறக் காய்ந்த ஆப்ரிகாட்டில் கந்தக டை ஆக்சைடு இருக்கும். கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அதுவும் 14இல் ஒன்று. கந்தகம் சேர்க்காதது பழுப்பாக இருக்கும். வாடிக்கையாளர் அதைப் பழையது என்று நினைப்பார், ஏன் அந்த நிறம் என்று சீட்டில் எழுதிவையுங்கள். கடையிலேயே பையில் போட்டுக் கட்டி அடுக்கி வைக்கும் உணவுக்கு, 2021 அக்டோபர் 1 முதல், பொருட்பட்டியலும் அதில் ஒவ்வாமைப் பொருள்களைத் தடித்த எழுத்திலோ வேறு விதமாகவோ எடுத்துக்காட்டுவதும் கட்டாயம்.

ஆர்கானிக் சரக்கு விற்பதானால் திறப்பதற்கு முன் சாயில் அசோசியேஷன் போன்ற சான்றளிக்கும் அமைப்பிடம் கேளுங்கள். கட்டிய பையை அப்படியே விற்பது ஒன்று. சாக்கைப் பிரித்து நீங்கள் பை கட்டுவது வேறொன்று; இரண்டுக்கும் விதி வேறு.

தராசு வணிகத்துக்கென முத்திரை பெற்றதாக இருக்க வேண்டும். வீட்டுச் சமையலறைத் தராசு கூடாது.

10. விலை, வாட் வரி

25 கிலோ மைசூர்ப் பருப்புச் சாக்கு 40 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். கிலோ 1.60. 35 சதவீதம் லாபம் வேண்டும் என்று 35 சதவீதத்தைக் கூட்டி 2.16 என்று எழுதுகிறார்கள். இதில் விற்பனைத் தொகையில் கிடைக்கும் லாபம் சுமார் 26 சதவீதம்தான். விற்பனையில் 35 வேண்டுமானால் 1.60ஐ 0.65ஆல் வகுக்க வேண்டும், 2.46 வரும். கிலோவுக்கு 30 பென்ஸ், சாக்குக்கு ஏழரைப் பவுண்டு. திட்டத்தில் வாடகைக்கும் சம்பளத்துக்கும் என்று நீங்கள் ஒதுக்கிய காசு அதுதான்.

வாட் பக்கம் பெரும்பாலான உணவுக்குப் பூஜ்ய விகிதம். ஆனால் ஓடு நீக்கி வறுத்த அல்லது உப்பிட்ட கொட்டைக்கு 20 சதவீதம், வறுக்காத கொட்டைக்குப் பூஜ்யம். உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது எல்லாவற்றுக்கும் 20. குளிர்ந்த சாலட்டை எடுத்துப்போனால் பெரும்பாலும் பூஜ்யம், சூடான சூப்பை எடுத்துப்போனால் 20. பில் போடும் டில்லில் இந்தப் பொத்தான்களை முதல் நாளே தனித்தனியாகப் போடுங்கள். ஆண்டு முடிவில் ரசீதுகளைக் கலைத்துப் பிரிப்பது நரக வேலை. 12 மாத விற்பனை 90,000 பவுண்டைத் தாண்டினால் பதிவு கட்டாயம் என்பது 2024 ஏப்ரல் முதல் உள்ள வரம்பு. பூஜ்ய விகித விற்பனையும் அந்தக் கணக்கில் சேரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

11. உணவகம் கடைசியில்

கடை குறைந்தது ஒரு வருடம் ஓடிய பிறகு அடுப்பை ஏற்றுங்கள். கடையில் ஒரு நாள் ஆள் குறைந்தால் வரிசை நீளும், அவ்வளவுதான். சமையலறையில் ஆள் குறைந்தால் அன்று மதியச் சாப்பாடே கிடையாது. இரண்டையும் ஒன்றாகக் கற்க முயன்ற குழுக்கள் களைத்துப்போனதைப் பார்த்திருக்கிறேன்.

கடையும் உணவகமும் சேர்ந்திருப்பதன் நன்மை, வாடத் தொடங்கும் காய்கறி சூப்பாக மாறும். கணக்கு கெடுவதும் இங்கேதான். சமையல்காரர் அவசரத்தில் வருவார், இரண்டு தேங்காய்ப்பால், ஒரு கட்டு கொத்தமல்லி, நாலு கிலோ வெங்காயம் எடுப்பார், போய்விடுவார். எங்களிடம் ஒரு வருடம் முழுக்க இப்படி நடந்தது. கணக்கில் கடை நஷ்டம், உணவகம் அமோக லாபம். கடைக்காரர்கள் கூட்டத்தில் தலைகுனிந்து உட்கார்ந்தார்கள். மணிநேரத்தைக் குறைக்கச் சம்மதிக்கும் நிலை வரை போனது. பிறகு சமையலறைக் கதவருகே ஆணியில் ஒரு நோட்டு, நூல் கட்டிய பேனா. எடுப்பதையெல்லாம் கொள்முதல் விலையில் எழுத வேண்டும். மூன்று மாதத்தில் தெரிந்துவிட்டது, கடைதான் உணவகத்தைச் சுமந்துகொண்டிருந்தது. வாடிய காய்கறியைக்கூட எழுதுங்கள், பூஜ்ய விலையிலாவது.

சமையலறையில் நம் பழக்கங்கள் சிலவற்றை மாற்ற வேண்டும். சோறு மீந்தால் இரவு முழுக்க வெளியே வைக்கக்கூடாது. ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். வேகவைத்தாலும் சாகாத பாக்டீரியா வித்துகள் சோற்றில் உண்டு. சிவப்பு ராஜ்மாவை இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். கொதிக்கவிடாமல் நேராக ஸ்லோ குக்கரில் போட்டால் வாந்திதான். கடையில் அந்த டப்பாவின் மேலும் இதை எழுதி ஒட்டுங்கள். சூடாக வைத்துப் பரிமாறுவது 63 டிகிரிக்குக் கீழே போகக்கூடாது.

பெருங்காயம். சாம்பாரில் கோதுமை இல்லை என்று தைரியமாகச் சொல்லிவிடுவோம். கூட்டுப் பெருங்காயத் தூளில் பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும். டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். "வீகன்" என்று எழுதிவிட்டால் பால் ஒவ்வாமை உள்ளவருக்குப் பாதுகாப்பு என்றும் நினைக்காதீர்கள். அதே கரண்டி, அதே எண்ணெய் என்றால் பால் அங்கே இருக்கலாம். கேட்பவரிடம் அதை நேராகச் சொல்லிவிடுங்கள்.

12. புது உறுப்பினர்

விண்ணப்பித்தவரை உடனே உறுப்பினராக்காதீர்கள். ஆறிலிருந்து ஒன்பது மாதம் தகுதிகாண் காலம், கடையிலும் சமையலறையிலும் கணக்கிலும் வேலை. நடுவில் ஒருமுறை உட்கார்ந்து எது நன்றாக இருக்கிறது, எது இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். கடைசி நாள் ஓட்டில்தான் அவருக்கு விஷயம் தெரியவந்தால் அது உங்கள் தவறு. அந்தக் காலத்திலேயே வரவுசெலவு படிக்கக் கற்றுக்கொடுங்கள். ஓட்டு இருந்து எண் புரியாதவர், புரிந்தவர் கை தூக்கும்போதுதான் தூக்குவார்.

13. ஆண்டு முடிவில்

சங்கமாகப் பதிந்திருந்தால் நிதியாண்டு முடிந்து ஏழு மாதத்துக்குள் எஃப்.சி.ஏ.வுக்கு ஆண்டறிக்கையும் கணக்கும் போக வேண்டும். நாட்காட்டியில் இரண்டு பேர் பெயரில் குறித்துவையுங்கள். ஒருவர் ஊருக்குப் போயிருக்கலாம்.

லாபம் வந்தால் அதை உடனே பிரிக்க வேண்டாம். முதலில் மூன்று மாதச் சம்பளத்துக்கு இருப்பு. அடுத்து ஃப்ரிட்ஜ், அது எப்போதும் ஜூலை மாதம்தான் நிற்கும். அதற்குப் பிறகும் மிச்சமிருந்தால் உறுப்பினர்களின் கடனைத் திருப்பிக் கொடுங்கள், முதலில் கொடுத்தவருக்கு முதலில். இரண்டாவது கடை பற்றிய பேச்சு அந்தக் கடன் பாதியாவது தீர்ந்த பிறகு எடுத்தால் போதும். அப்போது இந்தப் பட்டியலின் 7ஆம் படியிலிருந்து தொடங்கலாம்.